பேரனும் அறுநூறு மீட்டரும்

நம் சங்கக் குடும்பங்களில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. அந்தத் தைரியத்தில்தான் என் வீட்டில் நடந்த ஒரு சிறு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2024 ஆகஸ்ட் மாதக் கடைசி. நாக்பூரில் மழை சற்றே ஓய்ந்திருந்த வாரம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் டிபன் டப்பாவைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டான். என் மனைவி டப்பாவைத் திறந்து பார்த்தாள். காலையில் கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சாதம் தொடப்படாமல் அப்படியே இருந்தது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பையன் வந்து விஷயத்தை உடைத்தான். பள்ளியில் எல்லாருக்கும் எடை, உயரம் பார்த்தார்களாம். ஒரு மாணவன் தராசு முள்ளைப் பார்த்து உரக்கப் படிக்க, இன்னொருவன் ரிஜிஸ்டரில் எழுதினானாம். "அம்பத்திரண்டு கிலோ" என்றதும் வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து இவன் பெயர் மோட்டு. அடுத்த நாள் 600 மீட்டர் ஓட்டத்திலும் கடைசியாக வந்திருக்கிறான்.

இரவு மகள் என்னிடம் வந்தாள். "அப்பா, நான் பத்தாவது படிக்கும்போது எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? அதே மாதிரி இவனுக்கும் ஒண்ணு எழுதிக் கொடுத்துடுங்க. அடுத்த தடவை இந்த டெஸ்ட்டே வேண்டாம்."

ஞாபகம் இல்லாமல் என்ன? 2000-ம் வருஷம் அது. விளையாட்டு பீரியடில் வீணாகும் நேரத்தில் கணக்கு டியூஷனுக்குப் போகட்டும் என்று, "என் மகளுக்கு முழங்கால் வலி, ஆகையால் உடற்பயிற்சி வகுப்பிலிருந்து விலக்களிக்க வேண்டும்" என்று நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு முழங்காலில் ஒரு கோளாறும் கிடையாது. கணக்கில் 94 வாங்கினாள், எல்லாரும் மகிழ்ந்தோம். இன்று நாற்பது வயதை நெருங்கும் அவள் இரண்டு மாடி ஏறினால் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். இதற்கு அந்தக் கடிதம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே பேனாவை மறுபடி எடுக்க எனக்குக் கை வரவில்லை. "முதலில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்" என்றேன்.

போவதற்கு முன் இந்தப் பரிசோதனை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? விசாரித்தேன், படித்தேன். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் உடற்தகுதியை மதிப்பிடுவது ஒரு பகுதி. 2019 பிப்ரவரியில் அதற்கென்று ஒரு மொபைல் ஆப் வெளியிட்டார்கள். பி.டி. ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் அளவையும் அதில் ஏற்ற வேண்டும். மூன்றாம் வகுப்பு வரையிலான சின்னஞ்சிறுசுகளுக்கு உயரம், எடை தவிர இரண்டே சோதனைகள். ஒன்று, சிறு மரக்கட்டையின் மேல் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி ஒரு நிமிஷம் நிற்பது. எத்தனை தடவை தடுமாறி இறங்குகிறது என்று எண்ணுவார்கள். மற்றொன்று, மேஜைமேல் உள்ள இரண்டு வட்டத் தட்டுகளை ஒரே கையால் மாற்றி மாற்றித் தட்டுவது. இருபத்தைந்து சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்பது கணக்கு.

நாலாம் வகுப்புக்கு மேல் ஆறு விஷயங்கள். உயரம் எடையிலிருந்து கணக்கிடும் பி.எம்.ஐ.; வேகத்துக்கு 50 மீட்டர் ஓட்டம்; இருதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு 600 மீட்டர்; காலை நீட்டி உட்கார்ந்து விரல் நுனியால் எட்டித் தொடுவது; மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, அரைகுறையாக எழுந்து படுப்பதை முப்பது வினாடிக்கு எண்ணுவது; கடைசியாகத் தண்டால். பெண் பிள்ளைகள் முழங்காலை ஊன்றியபடி தண்டால் எடுக்கலாம். (எட்டித் தொடுவதை நானும் வீட்டுக் கூடத்தில் முயன்று பார்த்தேன். விரலுக்கும் கால் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மனைவி சிரித்ததை இங்கே எழுதவில்லை.)

இதில் பல பெற்றோருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. அந்த 600 மீட்டரை முழுக்க ஓட வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. மூச்சு வாங்கினால் நடக்கலாம், பிறகு ஓடலாம். ஓட்டம் அல்லது நடை என்றே அதற்குப் பெயர். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

பி.டி. மாஸ்டர் முப்பத்தைந்து வயது மராத்தி இளைஞர். நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "காகா, நீங்களே சொல்லுங்கள். எழுநூறு பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். வகுப்புக்கு ஐம்பது பேர். நாற்பது நிமிஷ பீரியடில் ஐம்பது பேரை எடை பார்த்து, உயரம் பார்த்து, ஓடவிட்டு, அத்தனையையும் போனில் ஏற்ற வேண்டும். போன மாசம் என் பீரியடில் பாதியைக் கணக்கு மேடம் வாங்கிக்கொண்டார். பெற்றோர் மீட்டிங்கில் அதற்குக் கைதட்டல் வேறு!" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். 2000-ல் கைதட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ரயில் பாதை வேலை. டிப்ளமா முடித்துச் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டையர் ஆகும்வரை அளவு எடுப்பதும் எடுத்த அளவை நம்பலாமா என்று சந்தேகப்படுவதும்தான் பிழைப்பு. எனவே மரியாதைக் குறைவாக இல்லாமல், "மைதானத்தில் 600 மீட்டரை எப்படி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "ஒரு சுற்று 150 மீட்டர், நாலு சுற்று" என்றார். யார் அளந்தது என்றேன். அவருக்கு முன்னால் இருந்தவர் அளந்ததாம்.

மறுநாள் காலை என் பழைய 30 மீட்டர் எஃகு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். வாட்ச்மேன் ஒரு முனையைப் பிடிக்க, பிள்ளைகள் ஓடுகிற தடத்தை வளைவுகளில் சிறு சிறு துண்டாக அளந்தோம். 163 மீட்டர் வந்தது. மறுபடி எதிர்ப்பக்கமாக அளந்தோம், அதே 163. காரணம் கண்ணெதிரே நின்றது. மைதானத்து மூலையில் பிற்பாடு ஒரு சைக்கிள் ஷெட் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது. ஒரு சுற்றுக்குப் 13 மீட்டர் கூடுதல்; நாலு சுற்றுக்கு 652 மீட்டர். அந்தப் பள்ளியில் ஷெட் வந்த பிறகு ஓடிய அத்தனை பிள்ளைகளும், இருப்பதைவிடச் சோப்ளாங்கிகளாக ஏட்டில் ஏறியிருக்கிறார்கள். என் பேரனுக்குப் போட்டிருந்தது 3 நிமிஷம் 58 வினாடி. விகிதப்படி கழித்தால் 3 நிமிஷம் 39.

எடை பார்க்கும் தராசு ஸ்பிரிங் வைத்தது. மரத்தடியில் செங்கல் பாவிய, கொஞ்சம் சாய்வான தரையில் கிடந்தது. யாரும் ஏறாதபோதே முள் இரண்டில் நின்றது. திருகி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வராண்டாவில் சிமெண்ட் தரையில் வைத்தோம். பேரன் 52 கிலோவிலிருந்து 50-க்கு வந்தான். அவன் உயரம் 146 சென்டிமீட்டர், பி.எம்.ஐ. 24.4 என்பது 23.5 ஆயிற்று.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் பையனுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் தராசின் கோளாறு" என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டில் அப்படிச் சொல்லித்தான் மனைவி அன்று இரவு பூரி போட்டாள். 23.5 என்பது வளர்ந்த ஆளுக்குப் பெரிய தவறில்லை. பதினோரு வயதுப் பையனுக்கு நிச்சயமாக அதிகம். பிள்ளைகளுக்கு இந்த எண்ணை வயதுக்கும் ஆண், பெண் என்பதற்கும் தக்க அட்டவணையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 5 முதல் 18 வயது வரைக்கான அட்டவணையை 2015-ல் திருத்தி வெளியிட்டிருக்கிறது. உங்கள் குழந்தை டாக்டரிடம் அது இருக்கும். பெரியவர்களுக்கான எண்ணைப் பிள்ளைக்கு வைத்துப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

அதே சமயம் அந்த எண்ணை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தச் சூத்திரத்தை 19-ம் நூற்றாண்டில் கண்டவர் கெத்லே என்ற பெல்ஜியம் நாட்டுக் கணித நிபுணர். அவர் டாக்டர் அல்லர். ஜனக்கூட்டத்தின் சராசரியை ஆராய்ந்தவர். பி.எம்.ஐ. என்ற பெயர் வந்தது 1972-ல்தான். நமக்குப் பக்கத்தில் புனேயில் இருக்கும் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், 2004-ல் லான்செட் பத்திரிகையில் ஒரு போட்டோ வெளியிட்டார். அவரும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிற நம் பிள்ளைகளும் ஓட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு படம் வேண்டியதில்லை. அன்று சிரித்த வகுப்பில் எத்தனை ஒல்லிகள் அந்த 652 மீட்டரில் பாதி நடந்தார்கள் என்று நான் கேட்டேன். ஏழெட்டுப் பேர் என்றார் மாஸ்டர். அவர்களை யாரும் மோட்டு என்று கூப்பிடவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் கவலைப்படவும் இல்லை.

இங்கே என் தொழில் பேச்சைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரயில்வேயில் டிராக்மேன் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒரு சோதனை உண்டு. ஆண்கள் 35 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு, நடுவில் கீழே வைக்காமல், 100 மீட்டரை 2 நிமிஷத்துக்குள் கடக்க வேண்டும். 1000 மீட்டரை 4 நிமிஷம் 15 வினாடிக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 20 கிலோ. ஓட்டத்துக்கு 5 நிமிஷம் 40 வினாடி. ஒரே ஒரு வாய்ப்பு. முடியாதவர் வெளியே போக வேண்டியதுதான். அந்த வேலையின் பாரம் அப்படி. பல பையன்கள் ஒரு வினாடியில் தவறிப் போய் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். அது ஆள் பொறுக்குகிற சோதனை.

பாதையில் நாங்கள் செய்வது வேறு. கேஜை வைத்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்ப்போம். அல்ட்ராசானிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே விரிசல் உண்டா என்று பார்ப்போம். உடனே மாற்ற வேண்டியதற்கு ஒரு குறி, கண்காணித்து வர வேண்டியதற்கு வேறொரு குறி போடுவோம். தேதியும் கிலோமீட்டரும் ஏட்டில் ஏறும். அடுத்த முறை அதே இடத்துக்குப் போய்ப் பழைய அளவோடு ஒப்பிடுவோம். குறி போட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் வந்தால் மேலதிகாரி விட மாட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடப்பது இந்த இரண்டாவது ரகம். ஆனால் அதை முதல் ரகம் போல வரிசையில் நிறுத்தி, உரக்கப் படித்து, முதலில் வந்தவனுக்குக் கைதட்டி நடத்துகிறார்கள். இதை மாஸ்டரிடம் சொன்னபோது அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எனக்குப் பயிற்சி கொடுத்தபோதும் வரிசையில் நிறுத்தித்தான் காட்டினார்கள்" என்றார்.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 1959-60-ல் தேசிய உடல்திறன் இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கி, ஓடுவது, தாண்டுவது, எறிவது எல்லாவற்றுக்கும் அளவு வைத்து ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் என்று கொடுத்து வந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சி பொன்மலையில் படித்தபோது எனக்கு ஒற்றை நட்சத்திரம் கிடைத்தது. கிடைக்காத நண்பன் ஒருவன் அதற்கப்புறம் மைதானத்துப் பக்கமே வரவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

அமெரிக்காக்காரர்கள் இதில் நம்மைவிடப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஐம்பதுகளில் ஹான்ஸ் கிராஸ் என்ற டாக்டரும் அவரோடு பணியாற்றிய பானி புரூடன் என்ற அம்மையாரும் ஆறே ஆறு எளிய அசைவுகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளில் 57.9 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றில் தவறினார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் தவறியவர்கள் 8.7 சதவீதம். ஜனாதிபதி ஐசன்ஹோவர் திடுக்கிட்டு 1956-ல் ஒரு கவுன்சில் அமைத்தார். 1966-ல் ஜான்சன் காலத்தில் ஜனாதிபதி விருது வந்தது. எல்லாச் சோதனைகளிலும் உச்சியில் இருக்கும் 15 சதவீதத்துக்குள் வந்தால்தான் விருது. மீதிப் பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பும் கூச்சமும்தான் மிச்சம். 2012-13 கல்வி ஆண்டோடு அதைக் கைவிட்டு, பிள்ளையை மற்றப் பிள்ளையோடு ஒப்பிடாமல் ஆரோக்கிய அளவோடு ஒப்பிடும் முறைக்குப் போனார்கள். 2025 ஜூலை கடைசியில் ஜனாதிபதி டிரம்ப் பழைய சோதனையை மீண்டும் கொண்டுவர உத்தரவில் கையெழுத்திட்டார்.

அங்கே நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் ஏறத்தாழ 29,000 பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்குப் பள்ளியிலேயே எடை பார்த்துப் பெற்றோருக்கு ரிப்போர்ட் அனுப்பினார்கள், சிலருக்கு அனுப்பவில்லை. முடிவு 2021-ல் வெளிவந்தது. ரிப்போர்ட் போன வீட்டுப் பிள்ளைகளின் எடையில் எந்த முன்னேற்றமும் இல்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின்மேல் அதிருப்தி கூடியிருந்ததுதான் கண்ட பலன். குறி போட்டுவிட்டுத் திரும்பி வந்த கதை.

மாஸ்டர் நல்ல மனிதர். அடுத்த சோதனைக்குள் மூன்று மாற்றங்கள் செய்தார். சுண்ணாம்புக் கோட்டை மாற்றிப் போட்டு ஒரு சுற்றைச் சரியாக 150 மீட்டர் ஆக்கினார். அதற்கு நானும் நாடாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவினோம். தராசு, ஸ்டோர் ரூமுக்குள் போயிற்று. ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், எண்ணை மாஸ்டர் மட்டும் பார்த்துத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் மட்டும்தான் இடம். வகுப்பில் எத்தனாவது என்பதற்கு இடமே இல்லை. இவ்வளவு போதுமா என்றால் போதாது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷம் ஓடியாடும் வேலை வேண்டும் என்கிறது. வாரத்தில் இரண்டு பீரியட், அதிலும் பாதி கணக்குக்கு என்று இருக்கும் பள்ளியில் அது எங்கிருந்து வரும்? வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு எனக்கு விழுந்தது. அஜ்னி காலனிச் சாலையில் அதிகாலையில் தாத்தாவும் பேரனும். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்த கம்பம் வரை நடை. நான் இரண்டையும் நடையாகவே செய்தேன். முதல் வாரம் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டான். நவம்பரில் குளிர் ஆரம்பித்ததும் எழுப்புவது பெரும்பாடு. மகள் ஒரு நாள், "பாவம்ப்பா, விட்டுடுங்க" என்றாள். பதில் சொல்லாமல் அவளுக்கும் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தேன். இரண்டு நாள் முறைத்தாள். மூன்றாம் நாள் வந்தாள்.

2025 ஜனவரியில் மறுபடி சோதனை. பேரன் 600 மீட்டரை 3 நிமிஷம் 21 வினாடியில் முடித்தான். சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். எடை 51, உயரம் 148. கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. 23.3. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் நாலு மாதமும் நாங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்ததாகத்தான் எவரும் சொல்வார். பதினெட்டு வினாடி வேறு கதை சொல்கிறது. மோட்டு என்ற பெயர் போய்விட்டதா என்று கேட்டேன். "ரெண்டு பேரு மட்டும் கூப்பிடறாங்க தாத்தா. அதுல ஒருத்தன் எனக்குப் பின்னாடிதான் வந்தான்" என்றான்.

டிபன் டப்பா இப்போது காலியாகத் திரும்புகிறது. பூரி ஞாயிற்றுக்கிழமை மட்டும். மாஸ்டர் 50 மீட்டர் தடத்தையும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்று நாடாவை வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.